பழைய போட்டோவில் இருந்து நீல நிறப் பிரிண்ட்: ஆயா தண்ணீரில் கரைந்த கதையும் சேர்த்து

பாலக்கோட்டு வீட்டில் ஆயா புளி தட்டும் போட்டோ ஒன்று இருக்கிறது, 1978-ல் எடுத்தது. கூடத்தில் மூன்று பெண்கள், நடுவில் ஆயா, கையில் கட்டை, சுற்றிலும் ஓடும் நாருமாகக் குவியல். அதை ஒரு ஆப்பில் போட்டு கலர் ஆக்கிப் பார்த்தேன், ஆயாவுக்கு லிப்ஸ்டிக் போட்டுவிட்டது. அன்றோடு அந்த ஆப்பை அழித்துவிட்டு, மருந்து பூசிய தாளில் வெயிலைக் கொண்டு நீல நிறப் படம் எடுக்கும் சயனோடைப்புக்கு மாறினேன். 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை இது, கட்டட வரைபடத்தை ப்ளூ பிரிண்ட் என்கிறோமே, அதுவும் இதே சரக்குதான். இருட்டறை வேண்டாம், வெயில் போதும். வெயிலுக்கு நம்ம ஊரில் என்ன பஞ்சம்.

முதலில் போட்டோவை மொபைலில் எடுங்கள், திண்ணை நிழலில், பிளாஷ் இல்லாமல். பிரேம் கண்ணாடியோடு போட்டோ ஒட்டிப்போயிருந்தால் உரிக்கவே உரிக்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம். பூஞ்சைக் கறை, கீறல் எல்லாம் இருக்கட்டும், நான் துடைப்பதில்லை. படத்தையும் முழுசாக வைக்காமல் கையும் கட்டையும் குவியலும் வரும்படி வெட்டினேன். வேலை செய்கிறவர் போட்டோவில் முகம் பெரும்பாலும் கேமராவுக்காக விறைத்துப்போயிருக்கும், கை மட்டும் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்.

கிம்ப் மென்பொருளில் (இலவசம், எனக்கு இதுவே போதும்) கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்ட் ஏற்றி, நெகட்டிவாக மாற்றுங்கள். அப்புறம் இடவலமாகத் திருப்புங்கள். இதைப் பிரிண்ட் எடுத்து வைக்கும்போது மை இருக்கும் பக்கம் மருந்து பூசிய தாளைத் தொட வேண்டும், அப்போதுதான் படம் கூர்மையாக விழும், அதற்காகத்தான் இந்தத் திருப்பல். நான் திருப்பாமல் போட்டுவிட்டேன். அம்மா பார்த்ததுமே, "உங்க ஆயா எப்படா இடது கைக்கு மாறுச்சு?" என்றார். ஓஎச்பி ஷீட்டில் (கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) இங்க்ஜெட் பிரிண்ட்தான் எடுக்க வேண்டும், லேசரில் கறுப்பு அடர்த்தியாக வராது.

100 மில்லி தண்ணீரில் 25 கிராம் ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், இன்னொரு 100 மில்லியில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு, தனித்தனி பாட்டிலில். ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் இரண்டும் கிடைக்கும். கையுறை கட்டாயம், சமையல் பாத்திரம் கூடாது, ஃபெரிசயனைடு பக்கத்தில் கழிவறை ஆசிட் மாதிரி கடும் அமிலம் எதையும் கொண்டுபோகாதீர்கள், விஷவாயு வரும். ஜன்னலைச் சாத்தி மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் இரண்டையும் சம அளவு கலந்து, 300 ஜிஎஸ்எம் (தடிமனான) வாட்டர்கலர் தாளில் ஸ்பாஞ்சால் பூசி, இருட்டில் காயவிடுங்கள். தகரப் பட்டை போட்ட பிரஷ் வேண்டாம், இரும்பு பட்ட இடத்தில் நீலப் புள்ளி விழும்.

காய்ந்த தாள், மேலே நெகட்டிவ், ஓரத்தில் புளிய இலைக் கொத்து, மேலே கண்ணாடி, நாலு பக்கமும் கிளிப். இலை மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும், ஆயாவைச் சுற்றி மரமே வந்த மாதிரி இருக்கும். இலையை முந்தின நாள் இரவே கனமான புத்தகத்துக்குள் வைத்து அழுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி தூக்கிக்கொண்டு படம் மங்கிவிடும். மார்ச் மாதம் காலை 11 மணி வெயிலில் எனக்கு 8 நிமிடம் பிடித்தது. ஓரம் சாம்பல் படிந்த பச்சையானால் எடுத்துவிடலாம்.

இனி கழுவுவது. எல்லோரும் ஒரே வரியில் "தண்ணீரில் அலசுங்கள்" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். நானும் போர் தண்ணீரைத் திறந்துவிட்டேன், நீலம் அழகாக எழும்பியது, சரி என்று அதிலேயே ஊறப்போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் வெளிறிய தாள், கை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. இப்படி மூன்று தாள் போச்சு. பூச்சு சரியில்லை, வெயில் சரியில்லை என்று ஒரு வாரம் அலைந்த பிறகுதான் புரிந்தது: எங்கள் போர் தண்ணீர் காரத்தன்மை உள்ளது, காரம் பட்டால் இந்த நீலம் கரைந்துபோகும். ஃப்ளோரைடுக்கும் உப்புக்கும் பேர்போன ஊரில் இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்! இப்போது கேன் தண்ணீர்தான், முதல் அலசலில் ஒரு பேசினுக்கு இரண்டு மூடி வினிகர். மஞ்சள் நிறம் போகும்வரை, அதாவது ஐந்து பத்து நிமிடம், தண்ணீர் மாற்றி மாற்றி அலசினால் போதும். ஒரு நாள் காற்றாடக் காய்ந்தால் நீலம் தானாகவே இன்னும் அடர்த்தியாகும்.

பின்சேர்க்கை: பழுப்பு நிறம் வருமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வரும். அதே காரத்தை வேண்டுமென்றே காட்ட வேண்டும். சலவை சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கரைத்து, படத்தை மஞ்சளாகும்வரை வைத்து, நன்றாக அலசி, திக்கான டீ டிகாஷனில் போடுங்கள். கடுக்காய்த் தண்ணீரிலும் செய்யலாம், இரண்டிலும் துவர்ப்புச் சத்து உண்டு. எனக்கு என்னவோ நீலமே பிடித்திருக்கிறது.

இன்னொன்று: மாட்டிய படம் வெளிறுகிறது என்று ஓசூரில் இருந்து ஒருவர் எழுதியிருந்தார். வெயில் படும் சுவராக இருக்கும். கழற்றிச் சில நாள் இருட்டு அலமாரியில் வையுங்கள், நிறம் ஓரளவு திரும்பி வரும். சுண்ணாம்பு அடித்த ஈரச் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள், அதுவும் காரம்தான்.