லிப்ட் பண்ணுன ஜீப்ப எறக்கத்துக்கு செட் பண்றது

நம்ம மலைப்பக்கம் ஜீப் லிப்ட் பண்றவங்க, அதாவது ஸ்பிரிங் மாத்தி வண்டிய ஒயத்துறவங்க, எல்லாரும் ஏத்தத்த நெனச்சுத்தான் பண்றாங்க. கல்லு ரோட்டுல அடி தட்டக்கூடாது, மழைக்கு அரிச்சுப்போன கானுல சில்லு எறங்குனாலும் ஏறி வந்துடணும், அவ்வளவுதான் கணக்கு. ஏத்தத்துல ஏறலன்னா வண்டி நின்னுரும், அதோட சரி. நுவரெலியா பக்கம் ரம்பொட எறக்கத்துல பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு வரக்குள்ள பிரேக் பெடல் பஞ்சு மாதிரி போனா என்ன செய்வீங்க? அதனாலதான் சொல்றேன், ஸ்பிரிங்குக்கு காசு சேக்கிறதுக்கு முன்னால பிரேக்குக்கு சேருங்க.

எங்கிட்ட இருக்கிறது பழைய ஜிம்னி, ரெண்டு இஞ்சி லிப்ட், 235/75 டயர். கம்பெனி டயர் 205/70, அதோட உயரம் 668 மில்லிமீட்டர் கிட்ட வரும், இது 733. வித்தியாசம் ஏறக்குறைய 10 வீதம். சில்லு பெருசாகுற அளவுக்கு பிரேக்கோட பிடி கொறையும், அதே டிஸ்க் அதே பேட்தான் ஆனா நீங்க பெடல கூட மிதிக்கணும். ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும், முள்ளு 50ல நின்னா வண்டி 55ல ஓடுது. இத மனசுல வச்சுக்கிட்டு வேலைய தொடங்குங்க.

ஒரு போல்ட்டும் கழட்ட முந்தி வண்டிய சமதரையில நிறுத்துங்க, நம்ம பக்கம் அதுவே கஷ்டம், எனக்கு கொழுந்து மடுவத்துக்கு முன்னால இருக்கிற சிமெண்ட் தரைதான் கெடச்சிச்சு. நாலு சில்லுலயும் நடுவுல இருந்து மட்காட் விளிம்பு வரைக்கும் அளந்து எழுதி வைங்க, மட்காட்டுல இருந்து நூல்ல ஒரு நட்ட கட்டி தொங்கவிட்டு டயர் பக்கவாட்டுல எவ்வளவு வெளிய நிக்குதுன்னும் ரெண்டு பக்கமும் அளங்க. பிறகு இந்த நம்பர் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது. சில்லுக்கு கட்டை வைங்க, ஜாக்க மட்டும் நம்பி அடியில போகாதீங்க, சேசிக்கு ஸ்டாண்ட் கட்டாயம்.

ஸ்பிரிங் எடுக்கக்குள்ள பெருசா இறுக்கமா எடுத்தா நல்லம்னு நெனைக்காதீங்க. பாரம் இல்லாத வண்டிக்கு பார ஸ்பிரிங் போட்டா கல்லு ரோட்டுல சில்லு துள்ளும், தரையில இல்லாத சில்லுக்கு பிரேக்கே கெடையாது, எறக்கத்துல அது சறுக்கிக்கிட்டே போகும். நீங்க எப்பவும் ஏத்துற பாரத்துக்கு ஏத்த ஸ்பிரிங், அதுக்கு ஏத்த நீளத்துல சொக் அப்சோபர், இது ரெண்டையும் சேத்தே வாங்குங்க. பழைய சொக்க நீளமான ஸ்பிரிங்கோட விட்டா சில்லு தொங்கக்குள்ள சொக்தான் இழுத்துப் பிடிக்கும், கொஞ்ச நாள்ல ஒயில் கக்கிரும். ஸ்பிரிங் பிளேட் வண்டின்னா யூ போல்ட் புதுசு போடுங்க, பழசு ஒருக்கா இழுபட்டது. ஸ்பிரிங் பிளேட்ட சேசியோட கோக்கிற ஷக்கிள நீட்டி ஒயத்துறது எனக்கு பிடிக்காது, ரெண்டு இஞ்சி நீட்டுனா ஒரு இஞ்சிதான் ஏறும், ஏக்ஸல் சாயிறதுதான் மிச்சம்.

ஏக்ஸல பிடிக்கிற ஆம்லயும் ஷக்கிள்லயும் இருக்கிற ரப்பர் புஷ் போல்ட்ட வண்டி அந்தரத்துல தொங்கக்குள்ள முழுசா இறுக்காதீங்க, இது நெறைய கராஜ் பாஸ்மாரு செய்ற வேலை. எறக்கி நாலு சில்லுல நின்னு ரெண்டு தரம் அமுக்கி விட்ட பிறகுதான் இறுக்கணும், இல்லாட்டி ரப்பர் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

இப்ப முக்கியமான எடம், பிரேக் ஹோஸ். ஏக்ஸல முழுசா தொங்கவிட்டு, ஸ்டேரிங்க இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் திருப்பி, ஒவ்வொரு ஹோஸையும் கையால தொட்டுப் பாருங்க. எங்கயாச்சும் வெறைப்பா இழுத்தா நீளமான ஹோஸ் போடணும், இல்லாட்டி சேசியில இருக்கிற பிராக்கெட்ட எறக்கணும். "கொஞ்சந்தான் இழுக்குது பரவால்ல"ன்னு சொல்றவரு கிட்ட வேலை குடுக்காதீங்க. ஏபிஎஸ் இருந்தா அந்த வயர், டிப்ரன்ஷல் மூச்சுக்குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள், எல்லாத்துக்கும் இதே சோதனைதான். கேபிள் இழுபட்டிருந்தா பின்னால ட்ரம் எப்பவும் லேசா பிடிச்சுக்கிட்டே ஓடி சூடாகும்.

அடுத்தது யாரும் சொல்லாத ஒண்ணு. நெறைய டபுள் கேப்புல பின் ஏக்ஸலுக்கு மேல ஒரு வால்வ் இருக்கும், அதுல இருந்து ஒரு கம்பி ஏக்ஸலுக்கு போகும். பாரம் ஏறி பொடி தாழ்ந்தா பின் பிரேக்குக்கு கூட ஒயில் அழுத்தம் விடும், வெறுமையா ஒயந்து நின்னா கொறைக்கும், ஏன்னா வெறும் வண்டியில பின் சில்லு சீக்கிரம் லொக் ஆகி வால் சுத்தும். லிப்ட் பண்ணுன உடனே இந்த வால்வ் வண்டி எப்பவும் வெறுமைன்னு நெனச்சிரும். எங்க மாமா கந்தப்பொளையில இருந்து மரக்கறி ஏத்துறவரு, லிப்ட் பண்ணி ரெண்டு மாசத்துல முன் பேட் முடிஞ்சிச்சு, ரம்பொட வரக்குள்ள எல்லாம் கருகுன வாசம். கராஜ்ல பேட் சரியில்லன்னு மாத்தி மாத்தி போட்டாங்க. கடைசியா நான் அடியில படுத்து பாத்தா அந்த கம்பி கீழ இழுபட்டுக் கெடக்குது, கரட் ஏத்துனாலும் பின் பிரேக் பாதி வேலைதான், முழு பாரமும் முன்னுக்குத்தான். வால்வ் பிராக்கெட்ட லிப்ட் பண்ணுன அளவுக்கு எறக்கி கம்பிய பழைய கோணத்துக்கு கொண்டுவந்தோம், அதோட சரியாச்சு. இந்த கம்பிய மேல தூக்கி வயர் போட்டு கட்டி விடுறவங்களும் இருக்காங்க, தயவுசெஞ்சு அத செய்யாதீங்க, மழை ரோட்டுல வெறும் வண்டியா வரக்குள்ள பின்பக்கம் பள்ளத்த பாத்து திரும்பும்.

பிரேக் ஒயில் புதுசா மாத்துங்க, டொட் 4 போடுங்க. புது டொட் 3 கொதிக்கிறது 205 பாகைக்கு மேல, டொட் 4 230க்கு மேல, ஆனா ரெண்டுமே காத்துல இருக்கிற ஈரத்த உறிஞ்சும், ஈரம் ஏறுன டொட் 3 140லயே கொதிக்கலாம், அப்பதான் பெடல் பஞ்சு மாதிரி போகும். நம்ம பக்கம் மழையும் மூட்டமும் எப்படின்னு தெரியும்தானே, அதனால வருஷத்துக்கு ஒருக்கா மாத்துறது நல்லம். பிரேக் பைப்புல நிக்கிற காத்த எடுக்கக்குள்ள மாஸ்டர் சிலிண்டருக்கு தூரமான சில்லுல இருந்து வாங்க, நம்ம வலது ஸ்டேரிங் வண்டிக்கு பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. அந்த வால்வ் உள்ள வண்டிய சில்லுல நிக்க வச்சே காத்து எடுங்க, ஏக்ஸல் தொங்குனா பின்பக்கம் ஒயில் சரியா வராது.

லிப்ட்டுக்கு பிறகு காயில் வண்டியில காஸ்டர், அதாவது முன் சில்லு திரும்புற அச்சு பின்னால சாஞ்சிருக்கிற கோணம், கொறையும், முடக்குல திருப்புன ஸ்டேரிங் தானா திரும்பி வராது, சில நேரம் நடுங்கும். காஸ்டர் புஷ் போட்டா சரி. ஏக்ஸல பக்கவாட்டுல அசையாம பிடிக்கிற பேன்ஹார்ட் ரொட் அத ஒரு பக்கம் தள்ளியிருக்கும், அந்த நூல் அளவ இப்ப எடுத்து பாருங்க, நீளத்த மாத்தக்கூடிய ரொட்ல நடுவுக்கு கொண்டுவரலாம். பின் ட்ரம்ம லேசா உரசுற வரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணிட்டு ஒரு கிளிக் விடுங்க.

புது பேட் போட்டிருந்தா ஒரேயடியா எறக்கத்துக்கு கொண்டுபோகாதீங்க, ஆளில்லாத சமமான ரோட்டுல 50ல இருந்து 10 வரைக்கும் எட்டு பத்து தரம் கொறைங்க, முழுசா நிறுத்தாம, எடையில ஆற விட்டு. பிறகு எறக்கத்துல ஏறுன கியர்லயே எறங்குங்க. காஞ்ச தார் ரோட்டுல பழைய ஜிம்னி மாதிரி வண்டிய போர் வீல்ல போடாதீங்க, தோட்டத்து மண் ரோட்டுல போர் வீல் லோ கியர் போட்டா எஞ்சினே பிடிச்சுக்கிட்டு வரும், கால் பிரேக்குக்கு வேலையே கொறைவு.

500 கிலோமீட்டர் ஓடுன பிறகு யூ போல்ட், பேன்ஹார்ட் போல்ட், ஆம் போல்ட் எல்லாம் மறுபடி இறுக்கிப் பாருங்க, சேறு காய முந்தி டோர்ச் அடிச்சு எல்லா ஹோஸையும் பாருங்க, எதுலயாவது டயரோ ஸ்பிரிங்கோ உரசுன தடம் இருந்தா கிளிப்ப மாத்தி கட்டிட்டுத்தான் அடுத்த ஓட்டம்.