குடியேறிய மெனோனைட் பெண்களின் வாழ்க்கையை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டொரொண்டோ பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு மெனோனைட் என்றதும் நினைவுக்கு வருவது செயின்ட் ஜேக்கப்ஸ் சந்தையும், அந்தச் சாலைகளில் ஓடும் குதிரை வண்டியும், தலையை மூடிய பெண்களும்தான். அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு, 1920களில் உக்ரைன் மண்ணிலிருந்து கனடாவின் மேற்குச் சமவெளிக்கு வந்த ஒரு மெனோனைட் பெண்ணின் கதையைத் தொட்டால் முதல் பக்கத்திலேயே வழி தவறிவிடும். அந்தக் குதிரை வண்டிக்காரர்கள் வேறு கிளை.

மென்னோ சைமன்ஸ் என்ற பாதிரியார் 1536இல் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு வெளியேறினார். அவர் பெயரால்தான் இந்தக் கிறிஸ்தவச் சமூகத்துக்குப் பெயர் வந்தது. வயது வந்தபிறகே ஞானஸ்நானம், ஆயுதம் எடுப்பதில்லை, சத்தியப் பிரமாணம் செய்வதில்லை என்பவை எல்லோருக்கும் பொது. ஆனால் ஒண்டாரியோவின் குதிரை வண்டிக்காரர்கள் சுவிட்சர்லாந்து, தென்ஜெர்மனி வேர் கொண்டவர்கள். பென்சில்வேனியா வழியாக வந்தவர்கள். அவர்களிலும் பழைய ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் ஒரு பகுதியினரே வண்டி ஓட்டுகிறார்கள். ஆமிஷ் மக்கள் 1693இல் ஜேக்கப் அம்மான் தலைமையில் பிரிந்துபோன இன்னொரு பிரிவு. நாம் பேசும் பெண்ணின் முன்னோர்கள் நெதர்லாந்துப் பகுதியிலிருந்து கிளம்பி, இன்றைய போலந்தில் விஸ்துலா ஆற்றின் கழிமுகத்தில் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, பிறகு 1789இல் கோர்ட்டிட்சாவிலும் 1804இல் மோலோச்னாவிலும் குடியேறியவர்கள். இரண்டும் இன்றைய உக்ரைனின் ஸபோரிஷியா வட்டாரத்தில் இருக்கின்றன. மோலோச்னாவில் பெண்களுக்கென்று தனி உயர்நிலைப் பள்ளிகள் இருந்தன. அங்கே படித்த ஒருத்தியைப் 'பழமையில் ஊறிய கிராமத்துப் பெண்' என்று எழுதுவது அநியாயம்.

கப்பல் பட்டியலில் 'ரஷ்யா' என்று இருப்பதைப் பார்த்து அவரை ரஷ்யப் பெண் என்று எழுதிவிடுகிறார்கள். வீட்டில் அவர் பேசியது பிளவுட்டீச் என்ற கீழ்நிலத்து ஜெர்மன். தேவாலயத்திலும் பள்ளியிலும் உயர் ஜெர்மன். பக்கத்து ஊரில் வேலைக்கும் சந்தைக்கும் உக்ரைன் மொழியோ ரஷ்ய மொழியோ. ஊர்ப்பெயரும் மாறியிருக்கும். ஹால்ப்ஸ்டட் என்று குறித்திருந்தால் இன்றைய வரைபடத்தில் மோலோசான்ஸ்க் என்று தேட வேண்டும்.

'மத சுதந்திரம் தேடி வந்தார்கள்' என்று ஒரே வரியில் முடிப்பது

இந்த வரி எல்லாப் புத்தகத்திலும் உண்டு, எல்லோருக்கும் பொருந்தாது. 1874இல் ரஷ்யா கட்டாய ராணுவ சேவையைக் கொண்டுவந்தது. அதை ஒட்டி வந்த அலையில் ஏறக்குறைய 7,000 பேர் மானிட்டோபாவுக்கும், அதைவிட அதிகமானோர் கான்சாஸ், நெப்ராஸ்கா போன்ற அமெரிக்க மாநிலங்களுக்கும் போனார்கள். ராணுவ பயம் ஒரு காரணம். நிலமில்லாத குடும்பங்கள் பெருகிவிட்டது இன்னொரு காரணம். 1923 முதல் 1930 வரை கனடா வந்த சுமார் 20,000 பேரின் கதை வேறு. உள்நாட்டுப் போர், உக்ரைனின் அராஜகவாதத் தலைவர் மக்னோவின் படைகள், டைஃபஸ் காய்ச்சல், 1921-22 பஞ்சம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தவர்களில் பல குடும்பங்களைக் கணவனில்லாத பெண்களே இழுத்துவந்தார்கள். எந்த அலை என்று முடிவு செய்யாமல் எழுத ஆரம்பிக்காதீர்கள்.

எல்லா அலையும் கனடாவோடு நின்றுவிடவும் இல்லை. மானிட்டோபா அரசு 1916இல் இருமொழிப் பள்ளிகளை நிறுத்தியதும், பல குடும்பங்கள் 1922 முதல் மெக்ஸிகோவுக்கும், சில ஆண்டுகள் கழித்துப் பராகுவேக்கும் கிளம்பிவிட்டன. ஒரே பெண்ணின் வாழ்நாளில் இரண்டு முறை காலி நிலத்தில் அடுப்புக் கட்ட வேண்டி வந்திருக்கலாம்.

'காலி நிலம்' என்பதிலும் கவனம் வேண்டும். தெற்கு மானிட்டோபா, 1871இல் பூர்வகுடிகளோடு கையெழுத்தான முதலாம் ஒப்பந்தத்தின் நிலம். ஆளில்லாப் புல்வெளியில் வந்து இறங்கினார்கள் என்று எழுதினால் அங்கே முன்பே இருந்தவர்களை அழித்து எழுதியதாகும். அதேபோல, உக்ரைனில் இவர்களது பெரிய பண்ணைகளில் உக்ரைன் ஏழைகள் கூலிக்கு உழைத்தார்கள் என்பதை விட்டுவிட்டு, 1919இல் மக்னோ படைகள் நடத்திய வன்முறையை மட்டும் எழுதினால் பாதிக்கதைதான். வன்முறைக்கு அது நியாயம் ஆகாது. ஆனாலும் சொல்லாமல் விடக்கூடாது.

கடனை அடைத்தது அப்பா என்று எழுதுவது

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இது. 1919இல் கனடா மெனோனைட்டுகள் உள்ளே வரத் தடை போட்டது. 1922இல் தடை நீங்கியது. ஆனால் பஞ்சத்தில் அடிபட்டவர்களிடம் கப்பல் கட்டணத்துக்கு ஏது பணம்? சஸ்காட்சுவான் மாகாணத்தின் ராஸ்தெர்ன் ஊரில் இருந்த டேவிட் டேவ்ஸ் தலைமையிலான குடியேற்ற வாரியம் கனடியன் பசிபிக் ரயில்வேயோடு பேசி, கட்டணத்தைக் கடனாக வாங்கித் தந்தது. அந்தப் பயணக் கடன் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழுத்தில் தொங்கியது. 1946இல்தான் தீர்ந்தது. சில மாதங்களில், 1947 பிப்ரவரியில் டேவ்ஸ் காலமானார்.

இந்தக் கடனை அடைக்கப் பெரிதும் உழைத்தது யார்? பண்ணையில் விளைச்சல் இல்லை, 1930களில் கோதுமை விலை பாதாளத்துக்குப் போய்விட்டது. மாதாமாதம் கையில் காசு பார்த்தவர்கள் பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள். வின்னிபெக், சஸ்கட்டூன், வான்கூவர் நகரங்களில் பணக்கார ஆங்கிலேயர் வீடுகளில் சமையல், துணி துவைத்தல், பிள்ளை பார்த்தல் என்று தங்கி வேலை செய்தார்கள். ஆங்கிலம் தெரியாது. சம்பளத்தில் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியை வீட்டுக்கு அனுப்பினார்கள். வியாழக்கிழமை பிற்பகல் ஓய்வு. அன்று சபை நடத்திய பெண்கள் இல்லங்களில் கூடுவார்கள். கூடிப் பாடுவது, தங்கள் மொழியில் வாய்விட்டுப் பேசுவது, வேலை கொடுக்கும் வீட்டைப் பற்றி எச்சரிப்பது எல்லாம் அங்கேதான். இல்லத்தை நடத்திய அம்மா வேலை தேடித் தருவார். ஒரு வீடு சரியில்லை என்று தெரிந்தால் அங்கே பெண்ணை அனுப்ப மாட்டார்.

ரசீதில் கையெழுத்து குடும்பத் தலைவருடையது. அதை மட்டும் பார்த்து 'தந்தை கடனை அடைத்தார்' என்று எழுதாதீர்கள். மகள்கள் எந்த நகரத்தில், எத்தனை ஆண்டுகள் வேலை பார்த்தார்கள் என்று விசாரியுங்கள்.

பயணத்திலும் இப்படித்தான். ட்ராக்கோமா என்ற கண்நோய் இருந்தால் அன்று கனடா உள்ளே விடவில்லை. பிள்ளைக்கு நோய் என்றால் அம்மாவோ அக்காவோ இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் அருகிலோ ஜெர்மனியிலோ இருந்த முகாமில் பிள்ளையோடு தங்கிவிட, மற்றவர்கள் முன்னே போக நேர்ந்தது. ஒரே குடும்பத்துக்கு இரண்டு மூன்று வருகைத் தேதிகள் இருந்தால் எழுத்துப்பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி எழுதும்போது ஸ்வீபாக் என்ற ரொட்டியைச் சும்மா 'பாரம்பரிய உணவு' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். வெண்ணெய் சேர்த்த மாவில் ஒரு உருண்டை, அதன் தலையில் சிறிய உருண்டை ஒன்று. கட்டைவிரலால் நடுவில் அழுத்தாவிட்டால் அடுப்பில் மேலுருண்டை சரிந்துவிடும். சனிக்கிழமை சுட்டு ஞாயிறு காபியோடு சாப்பிடுவது வழக்கம். பயணம் என்றால் அதையே மறுபடி வாட்டி, ஈரம் போகக் காயவைத்து, மூட்டை மூட்டையாகக் கட்டினார்கள். வாரக்கணக்கில் கெடாது. ரயிலிலும் கப்பலிலும் குடும்பத்துக்குத் தீனி அதுதான். அத்தனை மூட்டையைச் சுட்டு முடிக்க எத்தனை நாள் கண்விழித்திருப்பார்கள்! மானிட்டோபாவின் முதல் தலைமுறைப் பெண்கள் விறகில்லாத சமவெளியில் சாணத்தையும் வைக்கோலையும் சேர்த்து மிதித்துக் காயவைத்து, நம் ஊர் வறட்டி மாதிரி, செங்கல் அடுப்பில் எரித்தார்கள். வீடும் மாட்டுத் தொழுவமும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்திருந்தன. 'கணவருக்கு உதவினார்' என்ற சொல்லில் இந்த வேலையெல்லாம் அடங்காது.

வாயில்லாப் பூச்சி என்று நினைப்பது

அந்தக் காலத்தில் சபைக் கூட்டத்தில் பெண்ணுக்கு வாக்கு இல்லை. உண்மை. ஆனால் சொத்து விஷயம் வேறு. கணவனோ மனைவியோ இறந்தால், உயிரோடிருப்பவருக்குப் பாதி, பிள்ளைகளுக்கு மீதிப் பாதி. அதில் மகனுக்கும் மகளுக்கும் சரிபங்கு. அனாதைப் பிள்ளைகளின் பங்கைப் பாதுகாக்க சபையே ஓர் அலுவலகம் நடத்தியது. விதவைக்கும் பிள்ளைகளுக்கும் ஆண் பொறுப்பாளர்களை நியமிப்பார்கள் என்பதும் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். மனைவி இறந்த சில மாதங்களில் மறுமணம் செய்தவரைக் கல்நெஞ்சக்காரர் என்று தீர்ப்பு சொல்வதற்கு முன், வீட்டில் எத்தனை கைக்குழந்தைகள் என்று பாருங்கள்.

பெயரும் தேதியும் குழப்பும். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கு வைப்பார்கள். ஒரே வீட்டில் இரண்டு அன்னாக்கள் பதிவாகியிருந்தால் அவர்கள் இரண்டு பேர்தான். ரஷ்யாவில் 1918 வரை பழைய நாட்காட்டி. 19ஆம் நூற்றாண்டில் 12 நாள், 20ஆம் நூற்றாண்டில் 13 நாள் வித்தியாசம். எந்த நாட்காட்டி என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, 1943இல் பின்வாங்கிய ஜெர்மன் படையோடு மேற்கே நடந்த பெண்கள். சுமார் 35,000 பேர் கிளம்பினார்கள். பெரும்பாலோரை சோவியத் படை திருப்பி அனுப்பியது. தப்பியவர்களில் ஒரு பகுதி 1947இல் வொலெண்டாம் கப்பலில் பராகுவே போனது, பலர் கனடா வந்தார்கள். அந்தப் பெண்களில் ஏராளமானோரின் கணவர்களை 1937-38இல் சோவியத் ரகசியப் போலீசார் இரவோடிரவாகப் பிடித்துப் போயிருந்தார்கள். பிறகு சேதியே இல்லை. அவர்கள் விதவைகளா, மனைவிகளா என்பது அவர்களுக்கே தெரியாது. மறுமணத்துக்கு அனுமதிக்கலாமா என்று சபைகள் விவாதித்தன. சோவியத் ஆவணங்கள் திறந்த பிறகே சில குடும்பங்களுக்கு மரண தண்டனை நிறைவேறிய தேதி தெரியவந்தது. அந்தத் தேதி கையில் இல்லாவிட்டால் 'விதவை' என்று எழுத வேண்டாம். 'கணவர் 1937இல் கைது' என்று மட்டும் எழுதுங்கள். போர்க்காலத்தில் வழியில் என்ன நடந்தது என்று அவர் சொல்லாமல் விட்டதை, பேரப்பிள்ளைகளின் யூகத்தை வைத்து நிரப்பாதீர்கள்.