தஃப்தரில் கையெழுத்துப் போடும் முன்: மஹரும் நிபந்தனையும் பேசுவது எப்படி

மண்டபம் பேசியாச்சு, பிரியாணிக்கு ஆள் சொல்லியாச்சு, பத்திரிகை அச்சுக்குப் போயாச்சு. மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மணக்கொடையான மஹர் எவ்வளவு என்று பெண்ணைக் கேட்டால், "அத்தா பேசியிருப்பாங்க" என்கிறாள். அத்தாவைக் கேட்டால், "அது மாப்பிள்ளை வீட்டுல போடுறதுதானே" என்கிறார். மஹர் அந்தப் பெண்ணின் சொத்து. எவ்வளவு வேண்டும் என்று சொல்ல வேண்டியவள் அவள்தான்.

எங்கள் மஹல்லாவில் (பள்ளிவாசலைச் சேர்ந்த பகுதியில்) கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் என்னையும் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். அங்கே நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். நாங்கள் ராவுத்தர்கள், ஹனஃபி மத்ஹப் (மார்க்கச் சட்ட வழி). ஷாஃபி மத்ஹப் குடும்பங்களுக்கு வலீ (பெண்ணுக்காக நிற்கும் பொறுப்பாளர்), தலாக் (மணவிலக்கு) விஷயங்களில் சில சட்டங்கள் மாறும். அந்த இடங்களில் உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சம்மதத்தை எப்போது கேட்பது

நிக்காஹ் அன்று காலையில் கேட்பது சம்மதம் கேட்பதே இல்லை. அந்த நேரம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பூவும் அத்தர் வாசமுமாக ஒரு அறை. சுற்றிலும் இருபது பெண்கள். யாரோ குழந்தையை அதட்டுகிறார்கள், யாரோ முந்தானைக்கு ஊசி குத்துகிறார்கள். வாசலில் வலீயும் சாட்சிகளும் வந்து நின்று மூச்சுவிடாமல் ஏதோ சொல்கிறார்கள். நிக்காஹ் பதிவேடான தஃப்தர் மடியில் வந்து விழுகிறது. "இங்கம்மா, இங்க" என்று ஒரு விரல் காட்டும் இடத்தில் மருதாணிக் கை கையெழுத்துப் போடுகிறது. அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க யாரும் ஒரு நிமிடம் கொடுப்பதில்லை.

அதனால் நிச்சயத்துக்கு முன்பே கேளுங்கள். அம்மா தனியாகக் கேட்கட்டும், அப்புறம் அத்தா கேட்கட்டும். கன்னிப்பெண்ணின் மௌனம் சம்மதம் என்ற ஹதீஸை (நபிமொழியை) எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். அவளிடம் அனுமதி கேட்காமல் மணமுடித்துக் கொடுக்கக் கூடாது என்பதும் அதே ஹதீஸில்தான் இருக்கிறது. தன் விருப்பத்துக்கு மாறாகத் தகப்பனார் நிக்காஹ் செய்துவைத்துவிட்டார் என்று கன்ஸா பின்த் கிதாம் வந்து முறையிட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அந்த நிக்காஹையே ரத்து செய்தார்கள். புகாரி ஹதீஸ் தொகுப்பில் பதிவான செய்தி இது. "முடியாது" என்று சொல்ல வழியுள்ள இடத்தில் கேட்டால்தான் "சரி" என்பதற்கு அர்த்தம் உண்டு.

மஹரை எப்படி நிர்ணயிப்பது

1974இல் என் அம்மாவுக்கு எழுதிய மஹர் 501 ரூபாய். அன்றைக்கு அந்தப் பணத்தில் ஒரு பவுன் வாங்கியிருக்கலாம். இன்றைக்கும் சில வீடுகளில் ஆயிரத்தொன்று என்று எழுதுகிறார்கள். அதில் ஒரு நல்ல செருப்பு வாங்கலாம். ரொக்கமாக எழுதாதீர்கள், தங்கமாக எழுதுங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான். "22 காரட் தங்கம், 40 கிராம்" என்று எடையும் தரமும் போட்டு எழுதுங்கள். "ஐந்து பவுன் நகை" என்று மொட்டையாக எழுதினால் பிறகு கல்லும் அரக்கும் எடையில் சேரும். வீட்டுமனையாகவும் வாங்கலாம். அப்படியென்றால் பத்திரம் அவள் பெயருக்குப் பதிவாக வேண்டும்.

மஹரில் உடனே தருவது எவ்வளவு, பிறகு தருவது எவ்வளவு என்று இரண்டு வரியாகப் பிரித்து எழுதுங்கள். பிறகு தருவதற்கு ஒரு தேதியோ நிகழ்வோ வேண்டும். "வசதிப்படும்போது" என்று எழுதினால் அது வரவே வராது.

கவனிக்க வேண்டிய தந்திரம் ஒன்று உண்டு. பெண் வீட்டிடம் கைக்கூலியாக (வரதட்சணையாக) வாங்கிய பணத்திலிருந்தே மஹர் நகையை வாங்கிவந்து சபையில் வைப்பார்கள். மஹர் எந்தப் பணம் என்று பேச்சிலேயே கேட்டுவிடுங்கள். 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம், முஸ்லிம்களின் மஹர் வரதட்சணை ஆகாது என்று தெளிவாகப் பிரித்திருக்கிறது. கைக்கூலி சட்டப்படி குற்றம். மஹரோ மனமுவந்து கொடுத்துவிடுங்கள் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் கட்டளையிடும் கடமை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, "நாங்க மஹர் போடுறோம், நீங்க சீர் செய்யுங்க" என்று பேச வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜனாஸா வீட்டில், மய்யித்தைத் தூக்கும் முன், கணவனை இழந்தவளைக் கூட்டிவந்து "மஹரை மன்னிச்சிட்டேன்னு சொல்லும்மா" என்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அழுதுகொண்டிருப்பவள் எதற்கும் தலையாட்டுவாள். கொடுக்காத மஹர் அவர் விட்டுச்சென்ற கடன். சொத்தைப் பங்கு வைப்பதற்கு முன் அதைத் தீர்க்க வேண்டும். அதன்பிறகுதான் மனைவியின் பங்கு: பிள்ளைகள் இருந்தால் எட்டில் ஒன்று, இல்லையென்றால் நான்கில் ஒன்று. அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கும் பெண்களுக்குச் சொல்கிறேன், அவள் வாயிலிருந்து எந்த வார்த்தையையும் வாங்க விடாதீர்கள்.

நிபந்தனைகளை எழுதும் விதம்

நிக்காஹ் ஓர் ஒப்பந்தம். நிறைவேற்றுவதற்கு மிகவும் தகுதியான நிபந்தனைகள் மணவாழ்வை ஹலாலாக்கிக்கொள்ள நீங்கள் ஒப்புக்கொண்டவையே என்ற கருத்தில் உக்பா பின் ஆமிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நியாயமான நிபந்தனைகளை நம் நாட்டு நீதிமன்றங்களும் ஏற்று வந்திருக்கின்றன. பாகிஸ்தான், பங்களாதேஷ் நிக்காஹ் படிவங்களில் மனைவிக்குத் தலாக் அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்க 18ஆம் கட்டம் என்று தனியாகவே ஒன்று உண்டு. நம் ஊர் தஃப்தரில் அப்படி இடம் இருக்காது. தனித்தாளில் எழுதி, தஃப்தர் எண்ணைக் குறித்து, மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்திட்டு இணைத்துவிடுங்கள்.

நீளமாக எழுத வேண்டாம். பொதுவாக நான் பரிந்துரைப்பது இவைதான்: படிப்பையோ வேலையையோ தொடர்வது; அவள் சம்பளமும் நகையும் அவளுடையதே என்பது; சண்டை வந்தால் இரு குடும்பத்திலிருந்தும் ஆளுக்கு ஒருவர் பேசித் தீர்க்க முயல்வது (அந்நிஸா 35ஆம் வசனம் சொல்லும் வழி). நான்காவது, முக்கியமானது, தலாக் தஃப்வீழ். தலாக் சொல்லும் அதிகாரத்தைக் கணவன் மனைவிக்கும் ஒப்படைப்பது. இப்படி எழுதலாம்:

"என் மனைவியின் எழுத்துப்பூர்வமான சம்மதமின்றி நான் வேறு திருமணம் செய்தாலோ, தொடர்ந்து ஆறு மாதம் அவருக்குச் செலவுக்குக் கொடுக்காவிட்டாலோ, அவரை அடித்துத் துன்புறுத்தினாலோ, தம் மீது ஒரு தலாக் சொல்லிக்கொள்ளும் அதிகாரத்தை அவருக்கு ஒப்படைக்கிறேன்."

ஈஜாப் கபூலில் (நிக்காஹில் முன்மொழிந்து ஏற்றுக்கொள்ளும் வாசகத்தில்) இதை எந்த வரிசையில் சொல்வது என்பதை ஹஜ்ரத்திடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சபையில் வைத்துக் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

"கல்யாணத்தன்னைக்கே தலாக் பத்திப் பேசலாமா, அபசகுனம்" என்பார்கள். எழுதாவிட்டால் நடப்பதைச் சொல்கிறேன். கணவன் விடவும் மாட்டான், வைத்து வாழவும் மாட்டான். மனைவி கேட்டு வாங்கும் மணவிலக்கான குலாவுக்கு அலைய வேண்டும். தனியார் அமைப்புகள் தரும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டப்படி மணமுறிவு கேட்கலாம். இரண்டு வருடம் செலவுக்குக் கொடுக்காதது, நான்கு வருடம் இருக்குமிடம் தெரியாதது, கொடுமை என்று அதில் காரணங்கள் உண்டு. ஆனால் ஒவ்வொன்றையும் அவள் நிரூபிக்க வேண்டும். தஃப்வீழ் கையில் இருப்பவளோடு பேசும்போது அவனும் நின்று யோசிப்பான்.

யார், எப்படிப் பேசுவது

பெண்ணே பேசுவது நல்லது. கூச்சமாக இருந்தால் பெரியம்மாவோ மாமியோ தொடங்கட்டும், அவள் கூடவே உட்காரட்டும். கோபம் வேண்டாம், சுற்றி வளைக்கவும் வேண்டாம். ஒரு பெண் மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் சொன்னது இவ்வளவுதான்: "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் பி.எட். முடிச்சு வேலைக்குப் போகணும். அதை எழுதிடுவோம். உங்க மகளுக்குக் கல்யாணம் பேசும்போதும் இதே தாளைக் கொண்டுவந்து தரேன்." அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மகனைக் கூப்பிட்டு, "உனக்குச் சம்மதமா, உன் வாயால சொல்லு" என்றார். எதிர்ப்பே வராது என்று சொல்லமாட்டேன். இந்தத் தாளுக்காகச் சம்பந்தத்தை முறித்துக்கொள்ளும் வீடும் உண்டு. நிச்சயத்துக்கு முன்பே பேசச் சொல்வது அதற்காகவும்தான்.

நிக்காஹ் அன்று படிக்கத் தெரிந்த ஒரு பெண் மணப்பெண் பக்கத்தில் இருந்து, தஃப்தரின் மஹர் வரியைச் சத்தமாகப் படிக்கட்டும். அதன்பிறகு கையெழுத்து. ஹனஃபியில் ஓர் ஆணோடு இரண்டு பெண்கள் சாட்சியாக இருந்தாலும் நிக்காஹ் கூடும். கேட்டால்தான் கிடைக்கும், கேளுங்கள். முடிந்ததும் தஃப்தர் நகலும் நிபந்தனைத் தாளும் பெண் வீட்டுப் பீரோவில் ஒரு பிரதி இருக்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் 90 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தினருக்கும் இது கட்டாயம். தவறினால் இன்னும் 60 நாள் வரை கூடுதல் கட்டணத்தோடு பதியலாம்.

ஜமாஅத்தில் கேட்பது

ஒவ்வொரு வீடும் தனித்தனியாகப் போராடுவதைவிட, தஃப்தரோடு ஒரு நிபந்தனைப் பக்கத்தைச் சேர்க்கச் சொல்லிப் பள்ளிவாசல் நிர்வாகமான ஜமாஅத்திடம் கேட்பது மேல். ஜமாஅத் பஞ்சாயத்து ஆண்கள் மட்டும் உட்கார்ந்து, பெண்ணை வெளியே நிறுத்திவிட்டு அவள் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் இடமாக இருந்ததால்தான், புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் 2000களின் தொடக்கத்தில் பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத்தை உருவாக்கினார். அதற்கு வந்த எதிர்ப்பும் கொஞ்சமல்ல. எல்லா ஊரிலும் அது முடியாது. மனு கொடுப்பது எந்த ஊரிலும் முடியும்.

முதலில் ஹஜ்ரத்திடம் போங்கள். உக்பாவின் ஹதீஸை நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது, அவருக்குத் தெரியும். அடுத்த ஜும்ஆ பயானில் (வெள்ளிக்கிழமை உரையில்) மஹர் பற்றிப் பேசச் சொல்லிக் கேளுங்கள். பிறகு மனுவில் தாய்மார்களின் கையெழுத்து வாங்குங்கள். முத்தவல்லியின் (பள்ளிவாசல் நிர்வாகத் தலைவரின்) மனைவி, செயலாளரின் அக்கா கையெழுத்துகள் மேலே இருந்தால் நல்லது. அஸர் தொழுகைக்குப் பிறகு நிர்வாகிகள் உட்காரும் நேரத்தில், நாலைந்து பேராகப் போய்க் கையில் கொடுங்கள். நிபந்தனைப் பக்கம் கட்டாயம் என்று கேட்காதீர்கள், "விரும்புகிறவர்களுக்கு" என்று கேளுங்கள். அதை மறுப்பது கடினம். இன்னொரு பிரதியில் "பெற்றுக்கொண்டோம்" என்று தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள். அடுத்த பொதுக்குழு எப்போது என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.