வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

போன மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சித்தி மகள் போன் செய்தாள். "அக்கா, 120 மணி நேர டெஃப்ல் கோர்ஸாம். இன்னைக்குள்ள கட்டினா பாதி விலை. வியட்நாம்ல வேலையும் அவங்களே வாங்கித் தராங்களாம். கட்டிடவா?"

டெஃப்ல் என்றால், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு அதைக் கற்பிப்பதற்கான பயிற்சி. கட்டாதே என்றேன். சில வருடங்களுக்கு முன் நானே அப்படிக் கட்டியவள். அந்த 120 மணி நேரத்தை ஒரே சனி, ஞாயிறில் முடித்தேன்! வீடியோவை ஓடவிட்டுவிட்டுச் சமையல் செய்தேன். பிறகு கேள்விகளுக்கு டிக் அடித்தேன். தப்பானால் திரும்ப அடிக்கலாம். ஞாயிறு சாயங்காலம் தங்க முத்திரை போட்ட சான்றிதழ் மின்னஞ்சலில் வந்துவிட்டது. அதை வைத்து விண்ணப்பித்தபோது ஒரு பள்ளியிலிருந்து மட்டும் பதில் வந்தது: "நீங்கள் வகுப்பு எடுத்ததை யார் பார்த்து மதிப்பிட்டார்கள்?" சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

தங்கைக்குச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: கோர்ஸை விடுங்கள், முதலில் நாட்டைப் பாருங்கள்

எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். சான்றிதழ் வாங்கிய பிறகுதான் எங்கே செல்லும் என்று தேடுகிறோம்.

தென் கொரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் கற்பிப்பதற்கான இ-2 விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டுக் குடிமக்களுக்குத்தான். இந்திய–கொரிய ஒப்பந்தத்தால் நமக்கு ஒரு சின்ன வாசல் உண்டு. ஆனால் அதற்கு ஆங்கிலப் பட்டமும் ஆசிரியர் தகுதியும் வேண்டும். நாலு வாரச் சான்றிதழை நீட்டினால் அந்த வாசல் திறக்காது.

துபாய், மஸ்கட், தோஹா பக்கம் சிபிஎஸ்இ பள்ளியில் சேர ஆசையா? அங்கே முதலில் பி.எட். இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். டெஃப்லுக்குக் கட்டும் பணத்தை பி.எட்.டில் போடுவதே மேல் என்பது என் கருத்து. வியட்நாம் வேறு மாதிரி. வேலை அனுமதிக்குப் பட்டத்தோடு கற்பித்தல் சான்றிதழும் கேட்கிறார்கள். எனவே அங்கே போகிறவருக்கு இந்தப் பயிற்சி பயன்படும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. தாத்தா வழியில் உங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வந்திருந்தால், ஸ்பெயினிலோ இத்தாலியிலோ வேலை பார்க்கத் தனி அனுமதி வேண்டாம். விசா ஏற்பாட்டுக்குப் பயந்தே வெளியாட்களை ஒதுக்கும் மொழிப் பள்ளிகள் அங்கே உண்டு. கடலூரிலிருந்து போகும் என் தங்கைக்கு இல்லாத வசதி அது.

நாட்டை முடிவு செய்ததும், அந்த நாட்டு வேலை விளம்பரங்கள் பத்தை எடுத்து, தகுதி என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். 'ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் மட்டும்' என்று சிலவற்றில் இருக்கும். கோபம் வரத்தான் செய்யும். எழுதிக்கொண்டு அடுத்ததைப் பாருங்கள்.

படி 2: பெயர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

டெஃப்ல், டீசால் இரண்டும் இந்தப் பயிற்சிக்கான பொதுப் பெயர்கள். 'டெய்லரிங் கோர்ஸ்' என்பது போலத்தான். யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் வகுப்பு நடத்திச் சான்றிதழ் அச்சடிக்கலாம். செல்ட்டா என்பது கேம்பிரிட்ஜ் கொடுக்கும் குறிப்பிட்ட ஒரு சான்றிதழ். அதற்கு இணையாக மதிக்கப்படுவது லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் செர்ட்-டீசால். நம் ஊர்ப் பிள்ளைகள் பியானோ, கிதார் தேர்வு எழுதுகிறார்களே, அதே ட்ரினிட்டிதான்.

படி 3: "நான் பாடம் நடத்துவதை யார் பார்ப்பார்கள்?"

தொலைபேசியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. ஒரே கேள்விதான் கேட்க முடியும் என்றால் இதையே கேளுங்கள்.

செல்ட்டா ஏறக்குறைய 120 மணி நேரப் படிப்பு. முழு நேரமாகப் படித்தால் நாலைந்து வாரம். அதில் 6 மணி நேரம் நீங்கள் நிஜ மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். அவர்கள் ஆங்கிலம் கற்க வந்த பெரியவர்கள். உங்களோடு படிப்பவர்களே மாணவர்களாக நடிக்கும் கதை அங்கே இல்லை. பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். முடிந்ததும் எது சரி, எது சொதப்பல் என்று பேசுவார்கள். கூடவே 4 எழுத்துப் பணிகள். அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்பை 6 மணி நேரம் கவனிக்கவும் வேண்டும். மையத்தை மேற்பார்வையிட வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளரும் வருவார். ட்ரினிட்டியிலும் 6 மணி நேரப் பாடம் உண்டு.

மலிவான விளம்பரங்களிலும் அதே 120 என்ற எண்தான் இருக்கும். அது எதைக் கணக்கு பண்ணிய 120 என்று கேளுங்கள். என் சனி, ஞாயிறு நினைவிருக்கட்டும்.

தங்கைக்கு கோர்ஸ் விற்க வந்தவரிடம் அவள் பேசியபோது, ஸ்பீக்கரில் போடச் சொல்லி நானும் கேட்டேன்.

"ப்ராக்டிகல் உண்டுங்களா சார்?"

"எல்லாம் ஆன்லைன்தான் மேடம். லைஃப்டைம் வேலிடிட்டி."

"நான் கிளாஸ் எடுக்கிறதை யாராவது பார்ப்பாங்களா?"

"அதுக்கு அவசியமே இல்லை மேடம், சர்ட்டிபிகேட் கியாரண்டி."

ஆன்லைன் என்பதே தப்பு என்று சொல்லவில்லை. செல்ட்டாவையே இப்போது ஆன்லைனில் படிக்கலாம். அதிலும் மாணவர்கள் நிஜம், பார்ப்பவரும் நிஜம்.

இன்னொரு அடையாளம்: நல்ல மையம் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளாது. நேர்காணல் இருக்கும், முன்கூட்டியே ஒரு தாள் கொடுப்பார்கள். "ஐ லிவ்ட் இன் கடலூர் ஃபார் டென் இயர்ஸ்" என்பதற்கும் "ஐ ஹேவ் லிவ்ட் இன் கடலூர் ஃபார் டென் இயர்ஸ்" என்பதற்கும் என்ன வித்தியாசம், அதை ஒரு மாணவனுக்கு எப்படிப் புரியவைப்பீர்கள் என்கிற மாதிரிக் கேள்விகள் வரும். முதல் வாக்கியத்தில் ஆள் ஊரை விட்டுப் போய்விட்டார், இரண்டாவதில் பொதுவாக இன்னும் அங்கேயே இருக்கிறார் என்று நமக்குத் தெரியும். ஆனால் இலக்கணப் பெயர் சொல்லாமல் ஒரு கோடு போட்டு விளக்கிப் பாருங்கள், வியர்க்கும். பணம் கட்டும் முன் தெருப் பிள்ளைகள் நாலு பேரை உட்கார வைத்து இதை முயன்று பார்க்கலாம். செலவில்லை. இந்த வேலை நமக்குப் பிடிக்கிறதா என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

படி 4: அங்கீகாரத்தின் வாலைப் பிடித்துப் போங்கள்

'சர்வதேச அங்கீகாரம் பெற்றது' என்றால், யார் கொடுத்தது? அந்த அமைப்பின் பெயரை வாங்கி, அது வேறு யாருக்கெல்லாம் அங்கீகாரம் கொடுத்திருக்கிறது என்று தேடுங்கள். சில இடங்களில் கோர்ஸ் நடத்துபவரும் அங்கீகரிப்பவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருப்பார்கள். பிரிட்டிஷ் கவுன்சில் பெயரைச் சொன்னாலும் மயங்க வேண்டாம். பிரிட்டனில் அது ஆய்வு செய்து அங்கீகரிப்பது ஆங்கிலம் கற்றுத்தரும் பள்ளிகளை. டெஃப்ல் கோர்ஸ்களுக்கு அது முத்திரை குத்துவதில்லை.

'லெவல் 5' என்று சொன்னால், இங்கிலாந்தின் தேர்வு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்குவாலின் பதிவேட்டை இணையத்தில் திறந்து, சான்றிதழின் முழுப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். செல்ட்டாவும் ட்ரினிட்டியும் லெவல் 5. ஆனால் லெவல் என்பது பாடம் எவ்வளவு கடினம் என்பதைத்தான் சொல்லும், நீங்கள் வகுப்பில் நின்றீர்களா என்பதைச் சொல்லாது. வகுப்பறையையே பார்க்காமல் வாங்கும் லெவல் 5 சான்றிதழ்களும் உண்டு. அதனால் பதிவேட்டில் பெயர் இருந்தாலும் படி 3-இன் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

செல்ட்டா நடத்துகிறோம் என்று யாராவது சொன்னால் வேலை இன்னும் சுலபம். மையங்களின் பட்டியல் கேம்பிரிட்ஜ் இணையதளத்திலேயே இருக்கிறது. அதில் பெயர் இல்லையென்றால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

படி 5: வேலையும் வாங்கித் தருகிறோம் என்றால்

இங்கே விஷயம் மாறிவிடுகிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும்தான்.

"முதலில் டூரிஸ்ட் விசாவில் போங்க, அங்கே மாத்திக்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். 2022-இல் தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்களை மியான்மருக்குக் கடத்தி, மோசடி வேலை செய்ய வைத்தார்கள். மீட்டுக் கொண்டுவர அரசு தலையிட வேண்டியிருந்தது.

படி 6: பணம்

'இன்றைக்குள்' என்றால் நாளைக்குக் கட்டுங்கள். சலுகை நாளைக்கும் இருக்கும். படிப்பை நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப் குரல் பதிவு போதாது. தனிநபரின் ஜிபே எண்ணுக்குப் பணம் போடாதீர்கள், நிறுவனத்தின் பெயரில் ரசீது வேண்டும். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

செலவுக் கணக்கில் ஒன்று விட்டுப்போகும். செல்ட்டா கட்டணமே லட்சத்தைத் தாண்டலாம். அதற்கு மேல் பட்டச் சான்றிதழ் உண்மையானது என்று அரசிடம் முத்திரை வாங்கும் அட்டெஸ்டேஷன் செலவு வேறு. ஒரு நாட்டுச் சான்றிதழை ஒரே முத்திரையோடு மற்ற நாடுகள் ஏற்கும் அபோஸ்டில் ஒப்பந்தத்தில் உள்ள நாடு என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையோடு முடிந்துவிடும், மற்ற நாடுகளுக்குத் தூதரகம் வரை போக வேண்டும். அதற்கு முன்னால் பட்டம் கொடுத்த மாநிலத்தின் சரிபார்ப்பு வேறு கேட்பார்கள். லாஸ்பேட்டையில் படித்தவருக்குப் புதுச்சேரி அரசு, தேவனாம்பட்டினத்தில் படித்தவருக்குத் தமிழ்நாடு அரசு.

தங்கை இன்னும் எதிலும் சேரவில்லை. பத்து விளம்பரம் எடுக்கச் சொன்னேன், இதுவரை ஆறு எழுதியிருக்கிறாள்.