அக்குளில் விழும் மஞ்சள் கறை: ரோல்-ஆன் வாங்கும்போதும் பூசும்போதும் செய்யும் தவறுகள்

எங்கள் தெருமுனையில் பெட்டி போடுபவர் ஒருநாள் என் வெள்ளைச் சட்டையைத் தேய்க்காமலே திருப்பிக் கொடுத்தார். "சார், இதுமேல பெட்டிய வெச்சா இன்னும் பழுப்பாயிடும். கறைய எடுத்துட்டுக் கொண்டாங்க" என்றார். அக்குள் பகுதியை விரித்துப் பிடித்து, துணிக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீரில் கொஞ்சம் தெளித்துக் காட்டினார். தோளிலும் முதுகிலும் விழுந்த துளிகள் உடனே ஊறிவிட்டன. அக்குளில் விழுந்த துளி மட்டும் சேப்பங்கிழங்கு இலைமேல் நிற்பதுபோல் உருண்டு நின்றது. தொட்டுப் பார்த்தால் துணி அங்கே மட்டும் விறைத்திருந்தது.

அதுவரை வியர்வைதான் சட்டையைக் கெடுக்கிறது என்று நினைத்திருந்தேன். வியர்வை மட்டும் என்றால் அன்றைக்கே அலசினால் பெரும்பாலும் போய்விடும். வியர்வையை அடக்கப் பூசுகிறோமே, அதில் இருக்கும் அலுமினிய உப்புதான் இதில் பெரிய பங்காளி. அக்குளின் எண்ணெய்ப் பசை, வியர்வையில் உள்ள புரதம் இரண்டோடும் அது கலந்து நூலில் ஒட்டுகிறது. அப்படியே சோப்புப் போட்டால், அலுமினியமும் சோப்பின் கொழுப்பும் சேர்ந்து தண்ணீரில் கரையாத மெழுகு மாதிரி ஆகிவிடும். துணியில் தண்ணீர் இறங்காமல் இருக்க அந்தக் காலத்தில் முதலில் சோப்புக் கரைசலிலும் அப்புறம் படிகாரக் கரைசலிலும் முக்கி எடுப்பார்கள். படிகாரமும் அலுமினிய உப்புதான். அதே வேலையை நாம் ஒவ்வொரு வாரமும் அக்குளில் செய்துகொண்டிருக்கிறோம்.

சாயத் தொழில் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சோழமண்டலக் கரையில் சாயவேரின் சிவப்பைப் பருத்தியில் நிற்கவைத்ததே படிகாரம்தான். நூலை ஒரு கையிலும் நிறத்தை ஒரு கையிலும் பிடித்துக்கொள்வது அலுமினியத்தின் குணம். சாயத்துக்கு அது வரம், வெள்ளைச் சட்டைக்கு அதுவே வினை.

டியோவையும் ரோல்-ஆனையும் ஒன்றென்று நினைப்பது

கடைத் தட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆனால் இரண்டின் வேலையும் வேறு. டியோடரன்ட் நாற்றத்தை மட்டும் கவனிக்கும். அக்குள் வியர்வைக்குத் தனியாகப் பெரிய வாடை கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் வாடை வருகிறது. அந்தப் பாக்டீரியாவைக் குறைத்து, மேலே நறுமணம் சேர்ப்பது டியோடரன்ட். ரோல்-ஆன் என்று நான் இங்கே சொல்வது ஆன்டிபர்ஸ்பிரன்டை, அது வியர்வையையே குறைப்பது. அலுமினிய உப்பு வியர்வைக் குழாயின் வாய்க்குள் போய்க் கூழாக மாறித் தற்காலிகமாக அடைத்துவிடும். தோல் உதிர உதிர அந்த அடைப்பும் தானாகப் போய்விடும்.

நம் ஊரில் கேஸ் கேஸாக விற்கும் பாடி ஸ்ப்ரேக்களில் பெரும்பாலானவை வெறும் வாசனைதான். வியர்வை நிற்கும் என்று நம்பி அதை வாங்கி, நிற்காததால் இன்னும் கொஞ்சம் அடித்துக்கொள்பவர்கள் நிறைய. சட்டை நனைவதுதான் உங்கள் கவலை என்றால், பின்பக்கப் பொடி எழுத்தில் அலுமினியம் குளோரோஹைட்ரேட் என்றோ அலுமினியம் சிர்கோனியம் என்று தொடங்கும் நீண்ட பெயரோ இருக்கிறதா என்று பாருங்கள். வாடை மட்டுமே தொல்லை, வியர்வை அவ்வளவாக இல்லை என்றால் அலுமினியம் இல்லாத டியோவே போதும். சட்டை மஞ்சளாவதற்குப் பெரிய காரணம் அங்கேயே ஒழிந்துவிடும். என்னைக் கேட்டால், வீட்டில் பாதிப் பேருக்கு இதுதான் சரி.

இயற்கையானது என்று கண்ணாடிக்கல் மாதிரி ஒரு கட்டி விற்கிறார்கள். பொட்டாசியம் ஆலம் என்று அதில் எழுதியிருக்கும். சலூனில் சவரம் முடிந்ததும் தேய்ப்பார்களே, அதே படிகாரம்தான். அலுமினியம் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் இதைத் தெரிந்து வாங்குவது நல்லது. தேங்காய் எண்ணெயும் ஷியா வெண்ணெயும் கலந்த பசைகளில் அலுமினியம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் எண்ணெய்க் கறை வரும்.

கறை படியாது என்ற வாசகத்தை முழுதாக நம்புவது

கறுப்புச் சட்டையில் தெரியும் வெள்ளைத் தீற்றல் வேறு, வெள்ளைச் சட்டையில் வரும் மஞ்சள் வேறு. முதலாவது, பூசியதிலிருந்து அப்பிக்கொண்ட உப்பும் மெழுகும். குச்சி வடிவத்தில் வருபவற்றில் இது அதிகம். அன்றைக்கே தெரியும், துவைத்தால் போய்விடும். இரண்டாவது மாதக்கணக்கில் மெல்லச் சேர்வது. 'கண்ணுக்குத் தெரியாது' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் முதலாவதைத்தான் சொல்கிறார்கள். மஞ்சளைக் குறைக்கும்படி சேர்மானம் மாற்றியவையும் இருக்கின்றன, அவை ஓரளவு உதவும். ஆனால் அலுமினிய உப்பு அதிலும் இருக்கும். வெள்ளைச் சட்டை அதிகம் போடுபவர்கள் எதை வாங்கினாலும் கெட்டியான குச்சியைவிடச் சீக்கிரம் காயும் மெல்லிய ரோல்-ஆனைப் பாருங்கள்.

குளித்துவிட்டு ஈரத்தோடு பூசி, உடனே சட்டையை மாட்டுவது

சட்டை கெடுவதில் பெரும் பகுதி இந்த 2 நிமிட அவசரத்தில்தான் நடக்கிறது. ஈரத் தோலில் பூசினால் மருந்து வியர்வைக் குழாய்க்குள் போகாமல் மேலேயே வழுக்கி நிற்கும். அதன்மேல் சட்டையைப் போட்டால் எல்லாம் துணிக்குத்தான் போகும். வியர்வையும் நிற்காது. நிற்கவில்லையே என்று மறுநாள் இன்னும் இரண்டு சுற்று உருட்டுவோம்.

ஆன்டிபர்ஸ்பிரன்டுக்குச் சரியான நேரம் இரவு. படுக்கப் போகும்போது வியர்வை குறைவாக இருக்கும், குழாய்க்குள் உப்பு இறங்கி உட்கார நேரம் கிடைக்கும். காலையில் குளித்தாலும் அந்த அடைப்பு உடனே கழுவப்படாது. மேலே மிச்சம் இருப்பது மட்டும்தான் தண்ணீரில் போகும், அதுதான் சட்டையில் ஒட்டக்கூடியது. காலையில் நல்ல சட்டைக்கு முன்னால் எதையும் பூச வேண்டிய தேவையே இருக்காது. இதைச் செய்துபார்த்த பிறகு நான் காலையில் ரோல்-ஆனைத் தொடுவதே இல்லை. காலையில்தான் முடியும் என்பவர்கள் துண்டால் ஒற்றி, காயவைத்து, இரண்டு மூன்று உருட்டலோடு நிறுத்தி, அது காய்ந்த பின் சட்டையைப் போடுங்கள். அதற்குள் தலை வாரி, காபி குடித்துவிடலாம்.

எவ்வளவு பூசினாலும் வியர்வை முழுதாக நிற்காது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் விதிப்படி சராசரியாக 20 சதவீதம் வியர்வையைக் குறைத்தாலே ஆன்டிபர்ஸ்பிரன்ட் என்று விற்கலாம், 30 சதவீதம் என்றால் கூடுதல் பலன் என்று போட்டுக்கொள்ளலாம். சென்னை மே மாதத்தில் அக்குள் கொஞ்சம் நனையத்தான் செய்யும். அதற்காக அளவைக் கூட்டினால் கூடுவது கறைதான்.

மருந்துக் கடை லோஷனை ரோல்-ஆன் மாதிரி பயன்படுத்துவது

அளவுக்கு மீறி வியர்ப்பவர்களுக்கு டாக்டர்கள் 20 சதவீத அலுமினியம் குளோரைடு எழுதித் தருவது உண்டு. இது சாதாரண ரோல்-ஆனைவிட அமிலத்தன்மை மிகுந்தது. ஈரம் பட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும். தோலும் எரியும், துணியும் நைந்துபோகும். இரவில், நன்றாக உலர்ந்த தோலில், மழித்த அன்று இல்லாமல் பூச வேண்டும். காலையில் கழுவிவிட வேண்டும். பழைய பனியனோடு படுப்பது நல்லது.

ஆரம்பத்தில் எல்லா ஆன்டிபர்ஸ்பிரன்டும் இப்படித்தான் இருந்தது. அமெரிக்காவில் எட்னா மர்ஃபி என்ற இளம்பெண், அறுவை செய்யும்போது கை வியர்க்காமல் இருக்கத் தன் டாக்டர் அப்பா தயாரித்த திரவத்தை ஓடோரோனோ என்ற பெயரில் விற்றார். 1912-ல் அட்லாண்டிக் சிட்டி கண்காட்சிக்கு வந்த கூட்டம் அதை வாங்கிப் பிரபலமாக்கியது. அது சிவப்பாக இருக்கும், உடையில் கறை படியும், அமிலம் துணியை அரிக்கவும் செய்யும். இரவே பூசிக் காயவிடுங்கள் என்ற அறிவுரை அப்போதே இருந்தது. அமிலத்தைத் தணிக்கும் வழிக்கு ஜூல்ஸ் மோன்டெனியர் என்ற வேதியியலாளர் 1941-ல் காப்புரிமை பெற்றார். இன்றைய ரோல்-ஆன்கள் அந்த வழியில் வந்தவை.

பட்டு ரவிக்கை

பட்டு புரத நூல். வியர்வை, உப்பு, அமிலம் எதையும் அது பொறுக்காது, சாயமும் இறங்கும். கல்யாணத்துக்கு முன் அவசர அவசரமாக அக்குளில் ஸ்ப்ரே அடித்து ரவிக்கையைப் போட்டுக்கொண்டால், அரக்கு நிறத்தில் வெளிறிய வளையம் விழ ஒரு முகூர்த்தம் போதும். தைக்கக் கொடுக்கும்போதே பருத்தி லைனிங் கேளுங்கள். அக்குளில் வைக்கும் வியர்வை பேட் தையல் சாமான் கடைகளில் கிடைக்கும். கழற்றித் துவைக்கும்படி ஊக்குப் போட்டு வைக்கலாம். விழா முடிந்ததும் ரவிக்கையை மடித்து பீரோவில் வைக்காமல், உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காற்றாட விடுங்கள். வாசனைத் திரவியம் அடிக்க வேண்டுமானால் உடுத்துவதற்கு முன், அது முழுதாகக் காயும்படி.

பிளீச் ஊற்றுவது

மஞ்சளைப் பார்த்ததும் கை குளோரின் பிளீச்சுக்குத்தான் போகும். இந்தக் கறையை அது இன்னும் மஞ்சளாக்கும். கறையோடு வெந்நீரில் போடுவதும் சூடான பெட்டியை வைப்பதும் அதை நிலைக்கவைக்கும். எங்கள் பெட்டிக்காரர் சொன்னது அப்படியே உண்மை.

பருத்திச் சட்டைக்கு நான் செய்தது இது. ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து, அக்குள் பகுதியை மட்டும் அரை மணி நேரம் ஊறவைத்தேன். அமிலம் அலுமினியத்தை இளக்கும். அலசிவிட்டு, பாத்திரம் தேய்க்கும் லிக்விடைக் கொஞ்சம் விட்டுப் பழைய பல் பிரஷால் உள்பக்கம் தேய்த்தேன், அது எண்ணெய்ப் பசைக்கு. பிறகு வழக்கம்போல் துவைத்தேன். வண்ணத் துணி என்றால் முதலில் உள்மடிப்பில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டுக்கு இது வேண்டாம், டிரை கிளீனிங்தான். வினிகர் பட்ட துணியில் பிளீச்சை ஊற்றிவிடாதீர்கள், இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் அது ஆபத்து.

என் சட்டைக்கு மூன்று தடவை பிடித்தது. பெட்டி போடக் கொடுப்பதற்கு முன் அக்குளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். உருண்டு நிற்காமல் ஊறியது. லேசான மஞ்சள் சாயல் இன்னும் இருக்கிறது, கையைத் தூக்கினால் மட்டும் தெரியும்.