காற்றுக் காலத்தில் ஊவா மலை ஏறுவோர் செய்யும் தவறுகள்

தொப்பி வேண்டும், செருப்பு கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களே திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள் வேறு.

குளிர்காற்றை நம்பித் தண்ணீரைக் குறைப்பது

ஜூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், நுவரெலியா பக்கத்திலேயே மழையைக் கொட்டிவிட்டு, வரண்ட காற்றாக இலங்கையின் ஊவா மாகாணத்துக்குள் இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்கு வாசம் தரும் அதே காற்றுதான் மலையேறுபவரையும் ஏமாற்றுகிறது. உடம்பில் வியர்வை ஊறியவுடனே உலர்ந்துவிடும். சட்டை நனையாது, "வேர்க்கவே இல்லையே" என்று நடப்பார்கள். கறுப்புச் சட்டை போட்டவரின் முதுகைப் பாருங்கள், வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும்.

விடுமுறை நாளில் எல்ல ஊரில் இறங்கும் இளைஞர் கூட்டத்தில் நாலு பேருக்கு ஒரே ஒரு 1.5 லீற்றர் போத்தல்தான் இருக்கும். ரயில் பாதையோரம் நடக்கும்போது யாருக்கும் தாகமில்லை. யூக்கலிப்டஸ் நிழல் முடிந்து ஏற்றம் தொடங்கியதும் போத்தல் காலி. உச்சியில் படமெடுத்து முடிந்த பிறகுதான் இறக்கம் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும். தண்ணீரை ஏற்றத்துக்கு மட்டும் கணக்குப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை எத்தனை தடவை சொல்லியும் மாற்ற முடியவில்லை.

கணக்கு இதுதான். வெயிலில் ஏற்றம் ஏறும் ஒருவருக்கு மணிக்கு அரை லீற்றரிலிருந்து முக்கால் லீற்றர் வரை வேண்டும். போய்வர நாலு மணித்தியாலம் என்றால் 2 முதல் 3 லீற்றர். வழி தவறினால் தேவைப்படும் என்று அரை லீற்றர் மேலதிகம். 3 லீற்றர் என்றால் 3 கிலோ பாரம். முனகிக்கொண்டாவது தூக்க வேண்டியதுதான். 60 கிலோ எடையுள்ளவர் 1.2 லீற்றர் இழந்தாலே கால் தளரும், புத்தி மந்தமாகும். பாதி தண்ணீர் தீர்ந்த இடத்தில் உச்சி இன்னும் தூரமென்றால் அங்கிருந்தே திரும்புங்கள்.

மிச்சம் பிடிப்பதும் தவறுதான். போத்தலில் தண்ணீரை வைத்துக்கொண்டே மயங்கி விழுந்தவர்கள் உண்டு. தாகத்தை எதிர்பார்க்காமல் 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை சில மடக்குக் குடிக்க வேண்டும். உச்சியில் ஒரேயடியாக ஒரு லீற்றரைக் குடித்தால் வாந்தியாகத்தான் வெளியே வரும். சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் ஏற்கெனவே பிந்திவிட்டீர்கள்.

வெறும் தண்ணீரையே மணிக்கணக்காகக் குடித்தாலும் உடம்பில் உப்புக் குறைந்து தலையிடி, குமட்டல் வரும். தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது. ஜீவனி (உடம்பு இழந்த உப்பை ஈடுசெய்யும் தூள்) கரைப்பதென்றால் ஒரு லீற்றர் பொதியை ஒரு லீற்றரில்தான் கரைக்க வேண்டும். அரை லீற்றர் போத்தலில் கொட்டிக் குலுக்கினால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றைக் கலக்கிவிடும்.

பீலியை நம்புவது

காற்றுக் காலத்தில் மேலே உள்ள பல பீலிகள் (ஊற்றுத் தண்ணீர் விழும் இடங்கள்) வற்றிவிடும். தேயிலை மலைக்குக் கீழே ஓடுகிற தண்ணீரில் உரமும் பூச்சி மருந்தும் கலந்திருக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து போகாது.

பிந்திப் புறப்படுவது

காலை ஐந்தரைக்கு நடக்கத் தொடங்கி, வெயில் உறைக்கும் முன், பத்தரைக்குள் கீழே வந்துவிடுங்கள். மார்ச், ஏப்ரலில் வேறொரு காரணமும் உண்டு: பின்னேரத்து இடி மின்னல். மொட்டை முகட்டில் நிற்கும் உயரமான பொருள் நீங்களாக இருப்பீர்கள்.

கையில்லாச் சட்டை

உயரம் 1,000 மீற்றர் கூடக் கூட, தோலைச் சுடும் புற ஊதாக் கதிர் சுமார் பத்தில் ஒரு பங்கு கூடும். குளிரில் அது உறைக்காது. கொழுந்து பறிக்கிற அம்மாமார் வெயிலில் ஏன் முழுக்கைச் சட்டையும் தலைத்துணியும் போடுகிறார்கள் என்று யோசியுங்கள்.

மானாப்புல்லுக்கிடையே நெருப்பு

வேண்டாம். பீடி, சிகரட், தேநீர் அடுப்பு எதுவும் வேண்டாம்.

எங்காவது புகை கண்டால் மேல்நோக்கி ஓடாதீர்கள். தீ சரிவில் ஏறும் வேகத்துக்கு மனிதர் ஓட முடியாது. பக்கவாட்டில் விலகி, எரிந்து முடிந்த நிலத்துக்கோ பச்சைத் தேயிலைக்குள்ளோ போய்விடுங்கள்.

வாசனைத் திரவியம்

பூச வேண்டாம். வாசத்துக்குக் குளவி வரும்.

உளறுபவரைக் களைப்பு என்று விடுவது

கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில், தள்ளாட்டம், தொட்டால் சுடும் உடம்பு: இது வெப்பத் தாக்கு. நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, குடிக்க வைத்திருந்த தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறுங்கள். ஊவாக் காற்று இங்கே உதவிக்கு வரும். நினைவு தடுமாறுபவரின் வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகும். கூட வந்தவர் ஒருவர் உடனே 1990 அம்புலன்ஸை அழைக்கட்டும். அவர்களுக்கு "மேலே ஒரு பாறை" என்று சொல்லிப் பயனில்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷன், பக்கத்திலுள்ள பலகையில் எழுதியிருக்கும் மலை நம்பர், இந்த மூன்றையும் சொல்லுங்கள்.