பழைய எம்எக்ஸ்-5 காரில் ஸ்டீயரிங் உணர்வை மீட்டெடுப்பது: புதியவர்களுக்கான செய்முறை

ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் ஒரு காரின் ஸ்டீயரிங்கைப் புகழும்போது, அது கனமாக இருக்கும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கனம் வேறு, உணர்வு வேறு. வளைவில் முன் டயர் தரையை அழுத்தும் பகுதியில், பக்கவாட்டு விசை சக்கரத்தின் மையத்துக்குச் சற்றுப் பின்னால் விழுகிறது. அதனால் சக்கரம் தானாக நேராகத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் ரேக் (ஸ்டீயரிங்கின் சுழற்சியை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் கம்பி) வழியாகக் கைக்கு வந்து சேர்கிறது. பிடியின் எல்லை நெருங்கும்போது விசை விழும் இடம் முன்னோக்கி நகர்கிறது. இழுப்பு குறையத் தொடங்குகிறது. டயர் வழுக்குவதற்கு முன்பே ஸ்டீயரிங் லேசாவது இதனால்தான். ஓட்டுபவர்கள் மதிப்பது இந்த முன்னறிவிப்பையே. நடுவில் எங்கே உராய்வோ ப்ளேயோ (தேய்மானத்தால் வரும் வெற்று ஆட்டம்) இருந்தாலும் அது அமுங்கிப்போகும்.

பழகுவதற்கு மிகப் பொருத்தமான கார், மஸ்டா 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகப்படுத்திய முதல் தலைமுறை எம்எக்ஸ்-5. எடை ஏறக்குறைய ஆயிரம் கிலோ, நான்கு பக்கமும் டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கைகள் தாங்கும் சஸ்பென்ஷன்), முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைக்கப்பட்ட இன்ஜின். முன் சக்கரங்களின் மேல் சுமை குறைவு என்பதால் பவர் ஸ்டீயரிங் இல்லாமலே ஓட்டலாம். மேனுவல் ரேக்கின் விகிதம் 18:1, அதாவது சக்கரம் 1 டிகிரி திரும்ப ஸ்டீயரிங்கை 18 டிகிரி திருப்ப வேண்டும். ஹைட்ராலிக் பவர் ரேக்கில் அது 15:1. ஆனால் முப்பது வயதைத் தாண்டிய காரில் புதிதில் இருந்த உணர்வை எதிர்பார்க்க முடியாது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். டயரைப் பார்க்காமல் அலைன்மெண்டுக்குப் (சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது) போவது வீண் செலவு.

தேவையானவை: ஜாக், இரண்டு ஆக்சில் ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு) கழற்றும் கருவி, துரு இளக்கும் எண்ணெய், நம்பகமான காற்றழுத்த மானி, உதவிக்கு ஓர் ஆள்.

படி 1: டயர்

டயர் ஆறியிருக்கும்போது அழுத்தத்தைப் பாருங்கள். 185/60 ஆர்14 அளவுக்குக் கம்பெனி சொல்வது 26 பிஎஸ்ஐ. கனமான கார்களுக்குப் பழகிய பங்க் கடைகளில் 32, 34 என்று காற்று ஏற்றிவிடுவார்கள். அப்போது கார் சின்னச் சின்ன மேடுகளில் துள்ளும், ஸ்டீயரிங்கும் வெறுமையாக இருக்கும். டயர் ஓரத்தில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பட்டன் நன்றாகத் தெரிந்தாலும் ஆறேழு ஆண்டு கடந்த ரப்பர் இறுகியிருக்கும். அது எச்சரிக்காமல் சட்டென்று பிடியை விடும். அழகுக்காக அகலமான டயர் போட்டால் கனம் கூடும், சாலையின் பள்ளக் கோடுகளை டயர் பின்தொடரும். தெருவில் ஓட்டும் காருக்கு 185 போதும்.

படி 2: ப்ளே எங்கே இருக்கிறது?

பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை சப்ஃபிரேமின் (சஸ்பென்ஷனைத் தாங்கும் இரும்புச் சட்டம்) நடுவில் ஜாக் கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே கை நீட்டாதீர்கள்.

சக்கரத்தைக் கடிகாரத்தின் 9, 3 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். டக் டக்கென்று ஆடினால் டை ராட் எண்டோ (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை மூட்டு), ரேக்குக்குள் இருக்கும் உள் ஜாயிண்டோ தேய்ந்திருக்கிறது. உதவியாளர் ஆட்டும்போது இரண்டையும் தொட்டுப் பாருங்கள், கையிலேயே தெரிந்துவிடும். அடுத்து 12, 6 இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், தொடர்ந்தால் பால் ஜாயிண்ட். முன் பேரிங்கைத் திறந்து கிரீஸ் வைக்க வழியில்லை. ஹப்போடு (சக்கரம் பொருந்தும் நடுப்பாகம்) சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

டை ராட் எண்ட் மாற்றும்போது முதலில் லாக் நட்டைக் கால் சுற்று தளர்த்துங்கள். பிறகு எண்டை எத்தனை சுற்றில் கழற்றினீர்களோ அத்தனை சுற்றில் புதியதை ஏற்றுங்கள். அலைன்மெண்ட் கடை வரை ஓட்டிப்போக அது போதும். ஸ்ப்ளிட் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் கம்பி) துளை நட்டின் வெட்டோடு பொருந்தாவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பொருத்துங்கள். பொருந்துவதற்காகத் தளர்த்தக் கூடாது.

படி 3: ரேக்கின் உராய்வு

சக்கரங்கள் தூக்கிய நிலையில், இன்ஜின் ஓடாமல், ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாகத் திருப்புங்கள். ஒரே சீராகப் போக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இறுகினால் ஸ்டீயரிங் தண்டின் யுனிவர்சல் ஜாயிண்ட் துருப்பிடித்திருக்கலாம்.

பலரும் சறுக்குவது இங்கேதான். நேராகப் போகும்போது லூஸாக இருக்கிறதே என்று ரேக்கின் அட்ஜஸ்டரை இறுக்கிவிடுவார்கள். கார் பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் ரேக்கின் பற்கள் நடுவில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். நடுவுக்குச் சரியாக இறுக்கினால், தேயாத ஓரங்களில் அது கவ்விப் பிடிக்கும். வளைவு முடிந்த பிறகும் ஸ்டீயரிங் திரும்பி வராது; இது ஆபத்து. நடுவில் உள்ள ப்ளே வேறு எதனாலும் போகவில்லை என்றால் ரேக்கையே மாற்றுங்கள்.

பவர் ஸ்டீயரிங்கை நீக்கிவிட்டால் உணர்வு கூடும் என்பது உண்மைதான். ஆனால் பெல்ட்டைக் கழற்றி, குழாய்களை ஒன்றோடொன்று இணைத்துவிடுவது அரைவேலை. உள்ளே பிஸ்டன் சீல் எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பினியனில் (ரேக்கை நகர்த்தும் சின்னப் பல்சக்கரம்) உள்ள முறுக்குத் தண்டு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முறுகிய பிறகுதான் சக்கரம் திரும்பும். ரேக்கைப் பிரித்து சீலை எடுத்து, அந்தத் தண்டின் நெகிழ்வை வெல்டு வைத்து நிறுத்தினால்தான் முழுப்பலன். முதல் முயற்சியாக இதைத் தொடாதீர்கள்.

படி 4: அலைன்மெண்ட்

இந்தக் காரில் முன்னும் பின்னும் கீழ் விஷ்போன்களில் கேம் போல்ட்டுகள் (திருப்பினால் கோணத்தை மாற்றும் போல்ட்டுகள்) இருக்கின்றன; டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன் ஓரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு; உள்ளே என்றால் டோ-இன், வெளியே என்றால் டோ-அவுட்) மட்டுமல்ல, கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்; மேற்புறம் உள்ளே சாய்ந்தால் மைனஸ்) முன்பக்கத்தில் காஸ்டரும் (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) மாற்றலாம். ஆனால் அவை புஷ்ஷோடு (மூட்டில் உள்ள ரப்பர் உறை) சேர்ந்து துருப்பிடித்திருக்கும். முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். நீளமான கம்பி போட்டு முறுக்கினால் போல்ட் உடையும்.

ஓட்டுபவரின் எடையை சீட்டில் வைத்து, பின்பக்கத்தை முதலில் சரிசெய்யச் சொல்லுங்கள். பிறகு முன்பக்கத்தில் காஸ்டர், கேம்பர், கடைசியாக டோ. தெருவுக்குத் தொடக்க அளவுகள் இவை:

முன்: கேம்பர் மைனஸ் 1 டிகிரி, காஸ்டர் சுமார் 5 டிகிரி, மொத்த டோ-இன் பூஜ்யம் முதல் 1.5 மி.மீ.
பின்: கேம்பர் மைனஸ் 1.5 டிகிரி, மொத்த டோ-இன் 1.5 முதல் 3 மி.மீ.

எண்களைவிட இடமும் வலமும் ஒத்திருப்பது முக்கியம். காஸ்டரை எவ்வளவு கூட்ட முடியுமோ கூட்டு என்பார்கள். கூட்டினால் ஸ்டீயரிங் கனக்கும், தானாகத் திரும்பும் பலம் ஏறும். ஆனால் காஸ்டர் தரும் கனம் பிடி குறையும்போது அவ்வளவாகக் குறைவதில்லை. அது அதிகமானால், டயரிலிருந்து வரும் மெல்லிய மாற்றம் அதற்குள் மூழ்கிவிடும். முன் சக்கரங்களுக்கு டோ-அவுட் கொடுத்தால் கார் வளைவில் சுறுசுறுப்பாக நுழையும், நெடுஞ்சாலையில் அலையும்.

ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளின் கடைசி இறுக்கம், கார் தன் எடையில் சக்கரங்களில் நிற்கும்போதுதான். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

படி 5: உணர்ந்து பார்ப்பது

பொதுச்சாலையில் வேண்டாம். டிராக்கிலோ, அனுமதி பெற்ற காலி மைதானத்திலோ 20 மீட்டர் ஆரத்தில் வட்டம் குறியுங்கள். கைகள் 9, 3 இடங்களில். இறுக்கிப் பிடித்தால் எதுவும் தெரியாது. மணிக்கு 25 கிலோமீட்டரில் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று மிக மெதுவாக வேகத்தைக் கூட்டுங்கள். கனம் ஏறிக்கொண்டே வரும். 40ஐத் தாண்டியதும் ஒரு கட்டத்தில் ஏற்றம் நின்று, ஸ்டீயரிங் லேசாகும். சாதாரணத் தெரு டயருக்கு 45 அருகே எல்லை வந்துவிடும். லேசாகும் அந்தக் கணத்தில் மேலும் திருப்பாமல், ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்துங்கள். கனம் மீண்டும் வரும். சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே வீசும். இரண்டு திசையிலும் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் மந்தமாக இருந்தால் அலைன்மெண்டுக்குத் திரும்புங்கள்.

இதையே எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் உள்ள புதிய காரில் செய்தால் வேறுபாடு புரியும். மோட்டாரின் உராய்வும் நிலைமமும் சின்ன அதிர்வுகளை விழுங்கிவிடும். மிச்சத்தை மென்பொருள் வடிகட்டும். 2011இல் போர்ஷ் 911 ஸ்போர்ட்ஸ் காரின் 991 என்ற தலைமுறைக்கு எலக்ட்ரிக் ஸ்டீயரிங் வந்தபோது ரசிகர்கள் வருந்தியது இதனால்தான். பவர் ஸ்டீயரிங்கே இல்லாத முதல் லோட்டஸ் எலீஸ் ஸ்போர்ட்ஸ் காரை அவர்கள் இன்னும் கொண்டாடுவதும் இதனால்தான்.

இனி ஏதாவது மாற்றினால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே வட்டத்தில், அதே காற்றழுத்தத்தில் சோதியுங்கள். 2 பிஎஸ்ஐ வித்தியாசம்கூடக் கையில் தெரியும். வீல் நட்டுகளை 100 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபாருங்கள்.